வெறும் அட்டை

பிரேமலா தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் காலிப் பை பொறுக்குகிறவள். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் வேலை அதுதான். மெஷின் தூளை நிரப்பி, ஒட்டி, வரிசையாகத் தள்ளிவிடும் தேயிலைப் பைகளில் எதிலாவது தூள் இல்லாமல் போனால், கண்ணில் பட்ட மாத்திரத்தில் அதை எடுத்துக் கூடையில் போட வேண்டும். இருபத்தொரு வருடமாக அதே நாற்காலி. சுற்றுலா வருகிறவர்கள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் எத்தனையோ பேருடைய கைபேசியில் அவள் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு குனிந்திருக்கிறாள். பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

பிறந்த வீட்டில் அவளுக்குப் பெயர் ‘வேதத்துக்குப் போனவ’. தகப்பன் ராமையா தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முப்பது வருடம் தீச்சட்டி எடுத்தவர். மகளோ பத்தொன்பது வயதில் சிநேகிதியோடு கிறிஸ்மஸ் கேக் சாப்பிடப் போன சபையிலேயே தங்கிவிட்டாள். கேக்குக்கு விலைபோனவள் என்று அத்தைமார்கள் இன்றுவரை சொல்கிறார்கள். கேக் நன்றாக இருந்தது உண்மைதான். ஆனால் அன்றைக்குப் பிரசங்கத்தில், கடவுள் ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று சொன்னார்கள். ‘ஏய் பொண்ணே’ என்று மட்டுமே கூப்பிடப்பட்டு வளர்ந்தவளுக்கு அது பிடித்துப்போயிற்று. இதை அத்தைமார்களிடம் விளக்க அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு விளக்கியும் பயனில்லாத அளவுக்குக் கேக் கதை ஊன்றிவிட்டது.

சபையிலாவது அவளை முழுசாக ஏற்றுக்கொண்டார்களா என்றால், அங்கேயும் ஒரு ஆனால் இருந்தது. கணவன் புவனேஸ் இன்னும் ‘இரட்சிக்கப்படாதவன்’. மலைமேல் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் சந்தைக்கு லாரி ஓட்டுகிறவன் அவன். எந்தச் சாமிக்கும் எதிரியில்லை, எந்தச் சாமிக்கும் நேரமுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்து சபை வாசலில் இறக்கிவிட்டு, சாகுல் ஹமீது டீக்கடையில் தே தாரேக் குடித்தபடி ஆராதனை முடியும்வரை காத்திருப்பான். அதில் அன்பு இருப்பதாகச் சபையில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த குறை, சபை முன் எழுந்து சொல்லிக்கொள்ளும்படி மனம் மாறிய கதை, அதாவது ஒரு சாட்சி, அவளிடம் இல்லை. மற்றவர்கள் எழுந்து நின்றால் குடி, சூது, செய்வினை, டாக்டர் கைவிட்ட நோய் என்று கூரை அதிரும். பிரேமலா என்னத்தைச் சொல்வாள்? கேக் சாப்பிட்டேன், கேட்டேன், பிடித்தது, இருந்துவிட்டேன். இதற்கு யார் அல்லேலூயா சொல்வார்கள்? அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது கியா பார்மில் ஒரு விசுவாசியின் தோட்டத்தில், பயிருக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் நீலத் தொட்டியில். டிசம்பர் மாதம், காலை ஏழு மணி. தண்ணீரிலிருந்து எழுந்தவள் வெடவெடவென்று நடுங்கினாள். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று அப்போதிருந்த பாஸ்டர் அறிவித்தார். தனக்கு நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்ததே ஒரு பாவமோ என்று பல வருடம் உறுத்திக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்குச் சத்தமாக ஜெபிக்க வராது. திரிங்காப்பில் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சபையில் சங்கிலி ஜெபம் என்று ஒன்று உண்டு. பெண்கள் ஒரு வட்டம், ஆண்கள் ஒரு வட்டமாகக் கைகோத்து நிற்பார்கள். ஒருவர் ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் தொடர வேண்டும். வாய் வராதவர்கள் பக்கத்துக் கையை ஒருமுறை அழுத்தினால் போதும், முறை அடுத்தவருக்குப் போய்விடும். புது விசுவாசிகளுக்காகச் செய்து வைத்த சலுகை அது. பிரேமலா அந்தச் சலுகையை இருபத்தொன்பது வருடமாக அனுபவித்து வந்தாள். கீழேயிருந்து கோழி எரு வாடை ஏறி வரும். மேலே ஜெபம் கை மாறிக் கை மாறி வரும். அவளிடம் வந்ததும் ஒரு அழுத்து. அவ்வளவுதான் அவள் ஊழியம்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த வருடம் வெறும் அட்டை வந்தது.

வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். ஒரு பக்கம் பூவோ மலையோ படம், மறுபக்கம் ஒரு வசனம். பெட்டிக்குள் கைவிட்டு எடுப்பது எதுவோ, அதுதான் அந்த வருடத்துக்குக் கடவுள் உனக்கென்று சொன்ன வார்த்தை. பாஸ்டர் சாமுவேல் சுகுமாரன் ஈப்போவில் குடியிருந்தார். நள்ளிரவு ஆராதனையை அங்கே முடித்துவிட்டு மலையேறி வருவதால், இங்கே காலை பத்து மணிக்குத்தான் புது வருடம் பிறக்கும். அவர் பழைய இன்சூரன்ஸ் ஏஜெண்ட். எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையாகப் பேசுவது அவருக்குக் கைவந்த கலை.

பிரேமலா கையை விட்டு எடுத்தாள். ஒரு பக்கம் சிவப்பு ரோஜா. திருப்பினாள். ஒன்றுமில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. மறுபடி ரோஜாவைப் பார்த்து, மறுபடி திருப்பினாள். கொஞ்சம் விவரமானவளாக இருந்தால் சத்தமில்லாமல் பைக்குள் வைத்திருப்பாள். இவளோ நேராகப் பாஸ்டரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

பாஸ்டர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அச்சகத்துக்காரன் தப்பு என்று சொல்லி வேறொன்றை எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடவுள் கொடுக்கும் அட்டை என்று பத்து நிமிடம் முன்புதான் ஒலிபெருக்கியில் முழங்கியிருந்தார். அதனால் குரலைத் தாழ்த்தி, “கர்த்தர் உங்கக்கிட்ட மௌனமா இருக்கார் சிஸ்டர். ஏன்னு ஆராஞ்சி பாருங்க,” என்றார். பக்கத்தில் நின்ற ரெபெக்கா ருக்குமணிக்கு அது போதுமானதாக இருந்தது.

ருக்குமணி பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. அவர் ஜெபித்தால் கீழே உரக்கடை முதலாளியான சீனத் தவுக்கே கல்லாவை மூடிவிட்டு வெளியே போய் நிற்பார். அடுத்த வாரமே நான்கு சிஸ்டர்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து லயத்தில் பிரேமலா வீட்டுக்கு வந்தார். வீட்டில் எங்கோ ஒரு தடை இருக்கிறது, அதனால்தான் கடவுள் பேசவில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. அலமாரியைத் திறந்தார்கள், கட்டிலுக்கு அடியில் குனிந்தார்கள். கடைசியில் சமையலறையில் தடை கிடைத்தது. புவனேஸுக்குக் காய்கறி மொத்த வியாபாரி கொடுத்த காலண்டர். சீனர் கணக்கில் டிராகன் வருடம் என்பதால் பன்னிரண்டு மாதமும் பன்னிரண்டு டிராகன். டிராகன் என்றால் பாம்பு, பாம்பு என்றால் பைபிளில் யாரென்று தெரியுமல்லவா? காலண்டர் கொல்லையில் எரிக்கப்பட்டது.

புவனேஸ் வந்து கேட்டது ஒன்றுதான். லோட் ஏற்றும் தேதியெல்லாம் அதில்தான் வட்டம் போட்டு வைத்திருந்தான். “சாமி பேசலன்னா நீ பேசித் தொலையேன். அதுக்கு ஏன்லா என் காலண்டர எரிக்கிறீங்க?” என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தேதியாக ஞாபகப்படுத்த உட்கார்ந்தான்.

காலண்டர் எரிந்த பிறகும் அட்டையில் எழுத்து வரவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கச் சொன்னார்கள். இருந்தாள். இருபத்தொன்பது வருடத்தில் செய்த பாவங்களை ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். மாமியாரை மனதுக்குள் திட்டியது, தொழிற்சாலையில் ஒரு டப்பா தூளை வீட்டுக்குக் கொண்டுவந்தது, நீலத் தொட்டியில் குளிரால் நடுங்கியது. அரைப் பக்கம்கூட வரவில்லை. மறைக்கிறாள் என்றார்கள். சபையின் ஜெபக் குறிப்பில் அவள் பெயர் ஏறியது. சிம்பாங் பூலாய் சாலைச் சீரமைப்புக்கும் யாரோ ஒருவருடைய சிறுநீரகக் கல்லுக்கும் நடுவில், ‘பிரேமலா சிஸ்டரின் தடை நீங்க’ என்று வாரா வாரம் வாசித்தார்கள். ஒருவழியாகச் சபையில் எல்லாருக்கும் அவள் பெயர் தெரிந்துவிட்டது.

வெளியே சிரிப்பாக இருந்தாலும் அவளுக்குள் அது சிரிப்பாக இல்லை. அத்தைமார்கள் துரத்தியபோது தாங்கிக்கொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருக்கிறார் என்ற தைரியம் இருந்தது. இப்போது அவரும் அறுபது பேருக்கு ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டு, தன்னிடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார் என்றால், தான் யார்? ராமையா மகளாகவும் இல்லை, இவர்களில் ஒருத்தியாகவும் இல்லை. கேக் சாப்பிட வந்து, கிளம்ப மறந்துபோனவள்தானா? பெல்ட்டில் வரும் காலிப் பைகளைக் கூடையில் போடும்போதெல்லாம் அவளுக்குக் கை கூசியது. அந்த வருடம் அவள் பல தடவை அழுதாள். மெஷின் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை.

செப்டம்பரில் மழை பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ருக்குமணிக்கு வயிற்றுவலி வந்து, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பித்தப்பையில் கல், சீழ் வைத்துவிட்டது, உடனே ஈப்போவுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஈப்போவுக்கு நேராக இறங்கும் சிம்பாங் பூலாய் சாலையில் மண் சரிந்து வழி அடைத்துக் கிடந்தது. தாப்பா வழியாகச் சுற்றிப் போக ஆம்புலன்ஸ் தயாராகிக்கொண்டிருந்தது. ருக்குமணியின் மகன் பினாங்கிலிருந்து நேராக ஈப்போவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பாஸ்டர் மலைக்குக் கீழே மாட்டிக்கொண்டார். போனில் ஜெபிக்கத் தொடங்கினார், நன்றாகத்தான் தொடங்கினார். வானத்தையும் பூமியையும் படைத்தது பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. மற்ற சிஸ்டர்கள் எல்லாம் பண்ணையிலும் கடையிலும் வேலையில் இருந்தார்கள். அன்றைக்கு லீவில் இருந்தவள் பிரேமலா ஒருத்திதான்.

கட்டிலில் கிடந்த ருக்குமணி சுருங்கிப் போயிருந்தார். பிரேமலா பக்கத்தில் உட்கார்ந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஜெபம் பண்ணு,” என்றார்.

பழக்கம் போகுமா? பிடித்த கையை ஒருமுறை அழுத்தினாள். முறை அந்தப் பக்கம் போயிற்று. பிறகு, கூரையைப் பிளக்கும் குரலுக்குச் சொந்தக்காரரான ரெபெக்கா ருக்குமணி அவள் கையைத் திருப்பி அழுத்தினார்.

“எனக்கு வர்ல பிரேமலா,” என்றார். கண்ணில் நீர் வழிந்தது. “நான் ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. எனக்கும் வெறும் அட்டதான் வந்துச்சி. எங்க வீட்டுச் சொவத்துல ஒரு அட்ட மாட்டியிருக்கேனே, அது மூணு வருஷத்துக்கு முந்தினது. எனக்குச் சொல்ல ஆண்டவருக்கு ஒண்ணும் இல்லையோன்னு பயந்துட்டேன். அந்தப் பயத்துலதான் ஒன்ன போட்டு அந்தப் பாடு படுத்துனேன்.”

பிரேமலாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். காலண்டர், மூன்று வெள்ளிக்கிழமைப் பட்டினி, அரைப் பக்கப் பாவம், வாரா வாரம் வாசித்த ஜெபக் குறிப்பு எல்லாம் நினைவுக்கு வந்தன. எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் கட்டிலில் கிடந்தவரின் கை சில்லிட்டிருந்தது, விடவும் இல்லை. முறையைத் தள்ளிவிட அறையில் மூன்றாவது ஆளும் இல்லை.

“ஆண்டவரே,” என்று தொடங்கினாள். அடுத்து வர வேண்டிய பெரிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னாள். “ருக்குமணி அக்கா பயந்து போயிருக்காங்க. நானும்தான். எங்க ரெண்டு பேரு அட்டையிலயும் நீங்க ஒண்ணும் எழுதல. பரவால்ல. எங்க பேரு ஒங்களுக்குத் தெரியும்தானே, அது போதும். வழியில மண்ணு சரியாம பாத்துக்குங்க. டாக்டரு கை நடுங்காம பாத்துக்குங்க. ஆமென்.”

அவ்வளவுதான். கட்டில் குலுங்கவில்லை, விளக்கு அணைந்து எரியவில்லை. ஆனால் ‘எங்க பேரு ஒங்களுக்குத் தெரியும்’ என்று தன் வாயால் சொன்னபோது, அது உண்மைதான் என்று பிரேமலாவுக்குத் தெரிந்தது. பத்தொன்பது வயதில் கேட்டு நம்பியதை யாரும் அவளிடமிருந்து எடுத்துவிடவில்லை. இவ்வளவு நாளாக அதை ஓர் அட்டையில் தேடிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது, ருக்குமணியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரத்தில் ருக்குமணி சபைக்குத் திரும்பி, பாஸ்டர் போனில் செய்த ஜெபத்தின் வல்லமையால் பிழைத்ததாக இருபது நிமிடம் சாட்சி சொன்னார். லைன் போனதைச் சொல்ல மறந்துவிட்டார். சீனத் தவுக்கே மறுபடியும் கடைக்கு வெளியே வந்து நிற்கத் தொடங்கினார். பிரேமலா யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளைப் பார்க்கும்போது மட்டும் ருக்குமணி அவசரமாக வேறு எதையாவது தேடுவார்.

ஆனால் பிரேமலாவின் தலைக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. பெல்ட் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அது இன்னும் வேகமாக ஓடியது. வெறும் அட்டை ஒன்றில்லை, இரண்டு. இரண்டென்றால் இரண்டோடு நிற்குமா? இந்த விஷயத்தில் சபையிலேயே அவளைவிட அனுபவசாலி கிடையாது.

அடுத்த வருடப் பிறப்பும் வந்தது. பத்து மணிக்குப் பெட்டி முன்னால் வந்தது. பாஸ்டர் சுகுமாரன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். எல்லாரும் அட்டை எடுத்து முடிந்ததும், “இந்த வருஷம் ஒவ்வொரு அட்டையையும் நானே ரெண்டு தடவ செக் பண்ணிட்டேன்,” என்றார். “நம்ம பிரேமலா சிஸ்டருக்கு வந்த சோதன இனி யாருக்கும் வராது.” சபை சிரித்தது. பின்வரிசையில் சிலர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

பிரேமலா எழுந்து நின்றாள். சாட்சி சொல்லவா என்று பாஸ்டர் ஆச்சரியத்தோடு மைக்கை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

“பாஸ்டர், நான் ஃபேக்டரியில காலிப் பை பொறுக்குறவ,” என்றாள். மைக் இல்லாமலேயே எல்லாருக்கும் கேட்டது. “இருவத்தோரு வருஷமா பாக்குறேன். மெஷின் சிக்குனா ஒரு பை மட்டும் காலியா வராது. வரிசையா வரும். போன வருஷம் எனக்கு மட்டும் வெறும் அட்ட வந்திருக்காது. பை காலியா வந்தா நாங்க மெஷினத்தான் பாப்போம், பைய ஆராய மாட்டோம். வேற யாருக்கெல்லாம் வந்துச்சோ, பயப்படாதீங்க. ஒங்க மேல தப்பு இல்ல. ஒங்க பேரு அவருக்குத் தெரியும். இதான் என் சாட்சி.”

ருக்குமணி இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. ருக்குமணியோ மேலே சுற்றாத மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கீழே லாரி ஒன்று பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது.

முதலில் எழுந்த கை பாஸ்டரம்மாவுடையது. கணவர் தன்னையும் ஆராய்ந்து பார்க்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் ஒரு வருடமாக அட்டையைப் பாடல் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தாராம். கணவர் முகத்தைப் பார்க்காமலேயே, “எனக்கும்தாங்க,” என்றார். அடுத்து ஞாயிறு பள்ளி டீச்சர். பின்வரிசையில் சத்தமாகச் சிரித்த இரண்டு பேர். தபலா வாசிக்கிறவர். கதவோரத்தில் ஒரு அம்மாளும் அவர் மருமகளும், ஒருவரையொருவர் முறைத்தபடி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒளித்திருக்கிறார்கள். பிரேமலாவோடு எட்டுப் பேர் ஆனபோது ருக்குமணி எழுந்தார். இதை எப்போது சொல்லலாம் என்று தாம் ஜெபத்தில் காத்திருந்ததாகக் கணீரென்று ஆரம்பித்தவர், பாதியில் நின்றார். “பொய். பயந்துகிட்டுதான் சொல்லல,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு சின்னதாக ருக்குமணி பேசி அந்தச் சபை கேட்டதில்லை.

மொத்தம் ஒன்பது. பாஸ்டர் தன்னையறியாமல், “ஒரு தாளுக்குப் பத்து அட்ட அடிப்பாங்களே,” என்று முணுமுணுத்தார். மைக் கையில் இருந்தது அவருக்கு ஞாபகமில்லை. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து நிதானமாகக் குடித்தார். பத்தாவது அட்டை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் சங்கிலி ஜெபம். பெண்கள் வட்டத்தில் ஜெபம் கை மாறி வந்துகொண்டிருந்தது. பிரேமலாவுக்கு இந்தப் பக்கம் ருக்குமணி. அவர் முறை வந்தபோது ஒரு வார்த்தையும் பேசாமல் பிரேமலாவின் கையை அழுத்தினார். பிரேமலா அந்தப் பக்கத்துக் கையை அழுத்தவில்லை.

அவள் கீழே இறங்கி வரும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது. புவனேஸ் சாகுல் ஹமீது கடையில் மூன்றாவது தே தாரேக்கையும் முடித்துவிட்டு மோட்டாரில் சாய்ந்து நின்றான்.

“என்னலா இன்னைக்கி இவ்ளோ நேரம்?”

“என் முற வந்துச்சிங்க,” என்றாள்.

அவன் அவள் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தான். பிறகு, “இந்த வருஷ அட்டையில என்னா போட்டிருக்கு?” என்று கேட்டான்.

பிரேமலா பைக்குள் கையை விட்டு அட்டையை வெளியே எடுத்தாள். மேல் பக்கம் மஞ்சள் சாமந்தி. அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. “வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம்,” என்று மறுபடி பைக்குள் போட்டுவிட்டு மோட்டாரில் ஏறி உட்கார்ந்தாள்.